சொல்லுக்கு மூன்று ரூபா

பிறென்ற் தருவது சொல்லுக்கு ஒரு சதம்,
டொலர்ச் சதம். எங்கட காசில்
மூன்று ரூபாவும் கொஞ்சச் சில்லறையும்.
அறுநூறு சொல் எழுதினால்
குருநகர்ச் சந்தையில் ஒரு கிலோ பாரை,
விலை ஏறாத நாளென்றால்.

அதனால் நான் எதையும் சுருக்கிச் சொல்வதில்லை.
'ஆனால்' வரவேண்டிய இடத்தில்
'அவ்வாறு இருந்தபோதிலும்' என்று போடுவேன்.
ஆங்கிலத்தில் அது நாலு சொல்,
பன்னிரண்டு ரூபா.
இத்தனை வருசம் வாயால் சொன்ன
'ஆனால்'களுக்கு ஆர் காசு தந்தது?

அங்கே என் பெயர் ஜெனி வோல்டர்.
மினியாபொலிசில் இருக்கிறேன்.
இரண்டு நாய், ஒரு கராஜ்,
வாசலில் முழங்கால் அளவு பனி.
இங்கே நான் ஸ்ரெலா யூஜின்.
றெக்லமேசன் வீதியில் இரண்டு அறை வீடு,
மேசைக்குக் கீழே நுளம்புத்திரி.
மகள் படுத்தபிறகுதான் ஜெனி எழும்புவாள்.

இந்த வாரம் சப்பாத்து.
அடியில் இரும்புப் பல்லு வைத்த,
ஐஸில் வழுக்காத சப்பாத்து.
ஐந்து சோடியை ஒப்பிட்டு, எது திறம் என்று
போட்டு நடந்தவள் மாதிரி எழுதவேணும்.
றப்பர்ச் செருப்போடு இருந்து எழுதினேன்.
கறண்ட் இரண்டு தரம் நின்றது.
மிச்சத்தைப் போன் டேற்றாவில் முடித்து அனுப்பினேன்,
ஆயிரத்து இருநூறு சொல்.

விடிய மூன்று மணிக்குப் பதில்:
'ஜெனி, சோதித்துப் பார்த்தேன்.
எண்பத்தேழு வீதம் மெசின் எழுதியது என்று காட்டுது.
மனிசர் எழுதின மாதிரி எழுதித் தா.
இல்லையென்றால் காசு இல்லை.'

எண்பத்தேழு வீதம்.
கதிரையில் இருந்தபடி முதுகைத் தடவிப் பார்த்தேன்,
மிச்சப் பதின்மூன்று வீதம்
எந்தப் பக்கம் நோகுது என்று.

மெசினுக்கு என்ன தெரியாது?
ஒரு எழுத்துப்பிழை விட்டேன்.
(பிழைக்கும் மூன்று ரூபாதான்.)
ஒரு வசனத்தை நடுவில் முறித்தேன்.
காணாது போல இருந்தது.

உள்ளே யூஜின் இருமினான்.
நாலரைக்கு எழும்பவேணும், ஐஸ் கொம்பனி.
போன தை மாதம்
கட்டியைக் கொக்கியால் இழுக்கேக்க
ஐஸ் உருகின சீமெந்தில் கால் போய்
வலக்கை மணிக்கட்டு.
ஆறு கிழமை கரண்டி பிடிக்கவில்லை.
நான் தீத்த, மகள் பார்த்துச் சிரிக்க,
அவன் சிரிக்கவில்லை.

அதை எழுதினேன்.
'போன ஜனவரி என் கணவர் ஐஸில் வழுக்கி விழுந்தார்.
ஆறு வாரம் நான்தான் ஊட்டிவிட்டேன்.'
ஒரு சொல் பொய் இல்லை.
அன்றைக்கு வெளியே வியர்த்துக் கொட்டியது என்பதை
நான் சொல்லவில்லை, பிறென்றும் கேட்கவில்லை.

பதினைந்து நிமிசத்தில்:
'அருமை ஜெனி. இதுதான் மனிசர்.
கணவருக்கு இப்ப சுகமா?'
மேலதிகமாக இரண்டு டொலர்.
அது முதலில் ஒஸ்லோவில்
மச்சாள் நிரோமியின் கணக்கில் விழும்.
அவளுக்கு எப்ப நேரமோ அப்ப இங்கே வரும்.

யூஜினுக்கு வாசித்துக் காட்டினேன்.
சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு கேட்டான்,
'நான் விழுந்ததுக்கு இரண்டு டொலரோ?'
பிறகு குனிந்து படத்தைப் பார்த்தான்.
திரையில் விரல் வைத்தான், இரும்புப் பல்லில்.
'உண்மையா வழுக்காதோ?'
'அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்.'

ஐம்பத்தெட்டு டொலர்.
ஐயாயிரத்து எண்ணூறு சொல்.
சும்மா அமத்திப் பார்த்தேன்.
'உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை.'

அவன் செருப்பைக் கொழுவிக்கொண்டு போனான்.
சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது.
அடுத்த ஓடர் வந்திருக்கு:
நாய்க்கு மழைக்கோட்டு, எண்ணூறு சொல்.
ஜெனியிடம் இரண்டு நாய் உண்டு.
அதில் ஒன்றுக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.